வீட்டுப் படச்சுருள்களும் அன்றாட வாழ்க்கையின் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் படம் என்று எதைச் சொல்கிறோம்?

திரையரங்கிலோ தொலைக்காட்சியிலோ காட்டுவதற்காக அல்லாமல், தம் வீட்டாரும் உறவினரும் பார்ப்பதற்காக, தொழில்முறைப் பயிற்சி இல்லாத ஒருவர் எடுத்து வைத்த அசையும் படத்தையே வீட்டுப் படம் என்கிறோம். குழந்தை தத்தித் தத்தி நடப்பது, புதிதாக வாங்கிய வண்டியின் முன்னால் குடும்பமே வரிசையாக நிற்பது, கடற்கரையில் அலைக்குப் பயந்து ஓடுவது ஆகியவைதான் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். அது 16 எம்.எம். பிலிமில் இருந்தாலும், வீடியோ கேசட்டில் இருந்தாலும், செல்போனில் இருந்தாலும் வகை ஒன்றுதான்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது? யாரால் எடுக்க முடிந்தது?

பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922 டிசம்பரில் 9.5 எம்.எம். அளவுள்ள சிறிய பிலிமையும் அதற்கான புரொஜெக்டரையும் வீடுகளுக்கென்றே விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 16 எம்.எம். பிலிமைக் கொண்டுவந்தது. அதுவரை திரையரங்குகளில் ஓடிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும்; வீட்டுக்குள் வைத்து ஓட்டுவதற்கு ஏற்றதன்று. புதிய சிறிய பிலிம்கள் எளிதில் தீப்பற்றாத அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டதால்தான் சினிமா கூடத்துக்குள் நுழைந்தது.

விலையைப் பார்த்தால், எடுத்தவர்கள் யார் என்பது விளங்கிவிடும். கோடாக்கின் முதல் கேமரா, புரொஜெக்டர், முக்காலி, திரை எல்லாம் சேர்ந்த தொகுப்பு 335 டாலர். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு புதிய ஃபோர்டு மாடல் டி காரையே வாங்கிவிடலாம். 1932-இல் வந்த 8 எம்.எம். செலவை வெகுவாகக் குறைத்தது. 1965-இல் வந்த சூப்பர் 8, பிலிமைக் கையால் கோத்து மாட்டும் தொல்லையை நீக்கி, பெட்டியை அப்படியே கேமராவுக்குள் செருகினால் போதும் என்றாக்கியது. ஆனாலும் ஒரு சூப்பர் 8 பெட்டியில் 50 அடி பிலிம்தான்; வினாடிக்கு 18 படங்கள் என்ற கணக்கில் அது 3 நிமிடம் 20 வினாடிக்குள் தீர்ந்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு வினாடியும் யோசித்தவர்கள் எடுத்த படங்கள் இவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

செய்திப்படங்களும் அரசு ஆவணங்களும் இருக்கும்போது, வரலாற்றுக்கு இவை எதற்கு?

செய்திப்படம் தலைவரின் வருகையைக் காட்டும், வெள்ளத்தைக் காட்டும், அணைத் திறப்பைக் காட்டும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் நின்றுகொண்டே இருந்தார்கள் என்பதை அது காட்டாது. குடிக்கணக்கில் ஒருவருடைய வயதும் தொழிலும் இருக்கும். அவர் நடக்கும்போது கையை எப்படி வீசினார், சிரிப்பு வந்ததும் வாயை ஏன் மூடிக்கொண்டார் என்பது இருக்காது.

என் கருத்தில், வீட்டுப் படத்தின் பெரிய மதிப்பு, எடுத்தவர் எதைப் பார்த்தாரோ அதில் இல்லை. எதைப் பார்க்காமலேயே பதிவு செய்துவிட்டாரோ அதில் இருக்கிறது. அவர் தம் மகனைத்தான் எடுத்தார். ஆனால் மகனுக்குப் பின்னால் கடையின் பெயர்ப்பலகை வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்த ஒரு பெண் கடந்துபோய்விட்டார். இப்போது இல்லாத ஒரு மரம் நிழல் தந்து நின்றது. மகனைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரியும். அந்த ஓரங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஆவணமே இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

நாஷெல்ஸ்க் என்பது போலந்தில் வார்சாவுக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூர். அங்கே பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டேவிட் கர்ட்ஸ், 1938 கோடையில் மனைவியுடனும் நண்பர்களுடனும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அந்த ஊருக்கும் போய் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் 16 எம்.எம். பிலிமில் படம் எடுத்தார். அதில் பெரும்பகுதி வண்ணப்படம். கேமராவைக் கண்ட சிறுவர்கள் ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறார்கள். பெரியவர்கள் கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். யூதர்களின் தொழுகைக்கூடத்திலிருந்து கூட்டம் படியிறங்கி வருகிறது. ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த, ஒழுங்கில்லாத, ஆடும் படம். அவ்வளவுதான்.

மறு ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்க, இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1939 டிசம்பரில் அந்த ஊர் யூதர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 3,000 பேரில், போர் முடிந்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

டேவிட் கர்ட்ஸின் பேரன் க்ளென் கர்ட்ஸ், 2009-இல் ஃபுளோரிடாவில் தம் பெற்றோர் வீட்டு அலமாரியில் அந்தச் சுருளைக் கண்டெடுத்தார். அது சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, புரொஜெக்டரில் ஓட்ட முடியாத நிலையில் இருந்தது. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்திடம் அவர் அதை ஒப்படைத்தார். அது சீர்செய்யப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் முண்டியடிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் முகத்தில் தம் தாத்தாவின் சாயலைக் கண்டார். அந்தத் தாத்தாவின் பெயர் மோரிஸ் சாண்ட்லர். அப்போது அவர் உயிரோடு இருந்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பெயர்களைச் சொன்னார். சிறுவர்கள் அணிந்திருந்த தொப்பிகளின் வேறுபாட்டுக்குப் பொருள் சொன்னார். அதன் பிறகும் அந்தப் படத்தில் தெரியும் முகங்களில் பெயர் தெரிந்தவை ஒரு சிலவே. ஒரு மளிகைக் கடையின் மங்கிய பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளைப் படித்தறிவதற்கே ஆய்வாளர்கள் நெடுநாள் பாடுபட்டார்கள். மூன்று நிமிடப் படம் ஓர் ஊருக்கே சாட்சியாக நிற்கிறது. ஆனால் அந்தச் சாட்சியைப் பேசவைக்க, அங்கே வாழ்ந்த ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

வீட்டுப் படத்தில் தெரிவதை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது முழு உண்மை என்று கொள்ளக் கூடாது. பிறந்தநாளை எடுப்பார்கள், அடகுக்கடைக்குப் போனதை எடுக்க மாட்டார்கள். எடுத்தவர் பெரும்பாலும் குடும்பத்தலைவராக இருப்பதால் அவர் படத்தில் இருக்கவே மாட்டார். மற்றவர்கள் அவர் சொன்னபடி திரும்பி, அவர் சொன்னபடி கையசைப்பார்கள். அந்தக் கீழ்ப்படிதலும் அந்தக் குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்திதான்.

இதை நன்றாக உணர்த்துவது டேவ் தத்சுனோ எடுத்த படம். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக, அமெரிக்க மேற்குக் கரைக் குடும்பங்கள் முகாம்களில் அடைக்கப்பட்டன. யூட்டா மாநிலப் பாலைவனத்தில் இருந்த டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்ட அவர், கேமரா வைத்திருக்கத் தடை இருந்தும், முகாமின் கூட்டுறவுக் கடை மேற்பார்வையாளர் ஒருவரின் துணையோடு தம் 8 எம்.எம். கேமராவை உள்ளே வரவழைத்து, காவலர் கண்ணில் படாமல் படம் எடுத்தார். அந்த வண்ணப்படத்தில் பனியில் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், புத்தாண்டுப் பலகாரத்துக்கு வேகவைத்த அரிசியை இடிப்பது இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அச்சமும் அவமானமும் தெரியவில்லை. தெரிய வேண்டிய காவல் கோபுரங்களைப் பக்கத்தில் போய் எடுத்திருந்தால் கேமராவே போயிருக்கும். ஆகவே அந்தப் படத்தைப் பார்க்கும்போது, சிரிப்பையும் அது எடுக்கப்பட்ட சூழலையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1996-இல் அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வசதி படைத்தவர்களின் வாழ்க்கை மட்டும்தானே இவற்றில் பதிவாகியிருக்கும்?

பெருமளவுக்கு உண்மை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப் படங்கள் பல சேர்க்கப்பட்டு, இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. வேட்டை, தோட்டவிருந்து, டென்னிஸ், ரயில் பயணம், குதிரைமேல் குழந்தை என்று அவை போகும். அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆயாவும், தட்டோடு நிற்கும் பட்லரும் நம்மவர்கள். குழந்தையின் பெயர் குறிப்பேட்டில் இருக்கும். ஆயாவின் பெயர் அரிதாகவே இருக்கும். இந்தியச் சமையலாட்களும் தோட்டக்காரர்களும் அசைந்து நடப்பதைக் காண நமக்கு மிஞ்சியிருப்பது அவர்களை எடுக்க நினைக்காதவர்கள் எடுத்த படங்கள்தாம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் படங்கள் வேண்டும்.

விலக்குகளும் உண்டு. சாலமன் சர் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார், 1924 முதல் 1928 வரை ஓக்லஹோமாவின் கறுப்பின ஊர்களை 29 சுருள்களில் எடுத்தார். ஞானஸ்நானம், கடைகள், பள்ளிப் பிள்ளைகள், சவ ஊர்வலம், கால்பந்தாட்டம் எல்லாம் அவற்றில் உள்ளன. 1921-இல் வெள்ளையர் கும்பல் எரித்து அழித்த டல்சா நகரக் கறுப்பினப் பகுதி மீண்டும் எழுந்து நின்று வியாபாரம் செய்வதை, அந்தச் சமூகத்தவர் ஒருவரின் கண்கொண்டே அவற்றில் பார்க்கிறோம்.

நம் வீடுகளில் சினி கேமரா எங்கே இருந்தது? கல்யாண வீடியோவையும் இதில் சேர்க்கலாமா?

தமிழ்நாட்டில் சினி கேமரா வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சில. நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அசையும் படம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் 1980-களின் வீடியோ கேசட் வழியாகத்தான். அதுவும் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரர் வழியாக. எடுத்தவர் கூலிக்கு எடுத்தவர் என்பதால் இலக்கணப்படி அது வீட்டுப் படம் ஆகாது. ஆனால் நம் சமூகத்தில் வீட்டுப் படம் செய்ய வேண்டிய வேலையை அதுதான் செய்தது என்பதால் நான் தயங்காமல் சேர்ப்பேன்.

தாலி கட்டும் காட்சி எல்லாக் கேசட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பந்தியைப் பாருங்கள். உதவியாள் தூக்கிப் பிடித்த விளக்கின் வெளிச்சம் பட்டதும் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் நிறுத்திக் கேமராவைப் பார்க்கும் பெரியவர், இலையை மறைத்துக் குனிந்துகொள்ளும் பெண்கள், முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார், பந்தியிலேயே இல்லாதவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஒரு பெரிய இழப்பையும் சொல்ல வேண்டும். மிக்ஸிங் என்ற பெயரில் அந்தக் கேசட்டுகளில் பலவற்றின் மீது சினிமாப் பாட்டு ஏற்றப்பட்டது. நாதஸ்வரமும், பெரியவர்கள் வாழ்த்திய சொற்களும், பின்னால் கேட்ட சண்டையும் அந்தப் பாட்டுக்கு அடியில் அழிந்துபோயின. மிக்ஸிங் செய்யாத மூலக் கேசட் உங்களிடம் இருந்தால், அதுதான் விலைமதிப்புள்ளது.

பரணில் ஒரு சுருள் கிடைத்திருக்கிறது. அது என்ன வகை என்று எப்படி அறிவது?

அகலத்தையும் ஓட்டைகளையும் பாருங்கள். அகலம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் 16 எம்.எம். அதில் பாதி அகலம் இருந்தால் 8 எம்.எம். அல்லது சூப்பர் 8. இவ்விரண்டில், ஓட்டைகள் பெரிதாக, இரண்டு படங்களுக்கு நடுவே வந்தால் 8 எம்.எம்.; சிறிதாக, ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதிக்கு நேராக வந்தால் சூப்பர் 8. ஓட்டை ஓரத்தில் இல்லாமல் நடுவிலேயே இருந்தால் 9.5 எம்.எம்.

கோடாக் பிலிமாக இருந்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் போன்ற குறிகள் தெரியும். அவை பிலிம் தயாரான ஆண்டைக் குறிப்பவை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. படத்தில் உள்ள ஆட்களின் வயதோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்று கண்டுகொள்ளலாம். உறை, டப்பா, அதன்மேல் ஒட்டிய சீட்டு எதையும் எறியாதீர்கள்.

புரொஜெக்டர் ஒன்று கிடைத்தால் ஓட்டிப் பார்க்கலாமா? டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை வருகிறதே?

ஓட்டாதீர்கள். பழைய பிலிம் சுருங்கியிருக்கும். புரொஜெக்டரின் பல்சக்கரம் ஓட்டைகளைக் கிழித்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே முதல் சில அடிகளை ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதே போதும்.

அந்தப் புளித்த காடி வாடை அசிடேட் சிதைவதன் அடையாளம். வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் பிலிமின் அடித்தளத்திலிருந்து அசெட்டிக் அமிலம் வெளியாகிறது. வெளியான அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குகிறது. இந்தச் சிதைவைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்கு முதன்முதலில் போன புகார் இந்திய அரசிடமிருந்துதான். 1948-இல் அறிமுகமான டிரை அசிடேட் பிலிம், பத்தாண்டுக்குள்ளாகவே நம் வெக்கையில் கெடத் தொடங்கியிருந்தது. ஆகவே மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் பிலிமுக்கு எமன். வாடை வீசும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, வீட்டிலேயே குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள இடத்தில் வைத்து, முதலில் அதையே டிஜிட்டலாக மாற்றக் கொடுங்கள். தொடங்கிய சிதைவைத் திருப்ப முடியாது. மெதுவாக்க மட்டுமே முடியும்.

வீடியோ கேசட்டுகளுக்கும் அவசரம் உண்டா?

பிலிமைவிட அவசரம் அதிகம். பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். கேசட்டுக்கு அதை ஓட்டும் டெக், அதாவது விசிஆர், வேண்டும். உலகில் விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே நாடாச் சுருளின்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. சுத்தம் செய்யாமல் டெக்கில் போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட் கெடுவதோடு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.

டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

சுவரில் ஓட்டி அதை இன்னொரு கேமராவால் எடுத்துத் தருபவர்களைத் தவிர்த்து, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள். வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், மங்கலாக வந்ததையும் விடாமல் முழுவதையும் கேளுங்கள். வேகத்தையும் கேளுங்கள்: வினாடிக்கு 16 படங்களாக எடுத்ததை 24 படங்களாக ஓட்டினால், நிதானமாக நடந்த உங்கள் கொள்ளுத்தாத்தா பொம்மைபோலத் துடிதுடித்து ஓடுவார். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி நடக்கவில்லை.

மாற்றியபின் மூலச் சுருளைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. ஹார்டு டிஸ்க் ஒரே நாளில் போகும். நன்றாக வைத்த பிலிம் நூறாண்டு இருந்திருக்கிறது.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எப்படிச் சேகரிப்பது?

மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் எல்லாம் நிறுத்துங்கள். இதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. 1991-இல் எங்கள் ஊரில் நடந்த என் சித்தியின் கல்யாணக் கேசட்டைப் பெரியம்மாவோடு பார்த்தபோது, நான் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிறுத்துப்பா, கொஞ்சம் பின்னால போ" என்றார். வீடியோக்காரர் கொல்லைப்புறம் வழியாகச் சமையல்கட்டுக்குப் போகும்போது, கோட்டையடுப்புப் புகைக்கு அந்தப்பக்கம், கிணற்றடியில் ஒருவர் இரண்டு வினாடி நிற்கிறார். தோளில் துண்டு இல்லை, கையில் கயிறு, பக்கத்தில் அண்டா. "அன்னைக்கு மோட்டார் ஓடல. ஐந்நூறு பேருக்கும் இவர்தான் தண்ணி இறைச்சார். சாப்பிட்டாரான்னு யாரும் கேக்கல" என்றார் பெரியம்மா. பெயரும் சொன்னார். நான் அந்தக் கேசட்டை அதற்கு முன் பத்து முறையாவது பார்த்திருப்பேன். அவரைப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது: நிமிடம், வினாடி, ஆள், உறவு, இடம், சொன்னவர் யார் என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுகிறேன், அவர் பேசுவதைச் செல்போனில் ஒலிப்பதிவும் செய்கிறேன். வேலைக்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டார், வழிப்போக்கர் பெயர்களையும் கட்டாயம் கேளுங்கள். உறவினர் பெயர்களை எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். "தெரியவில்லை" என்றால் அப்படியே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர், எழுதாத பெயரைவிடக் கெடுதல்.

எங்காவது ஒப்படைக்கலாமா? இணையத்தில் போடலாமா?

புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முதல் அக்கறை திரையரங்கு சினிமாதான். வெளிநாடுகளில், 2003 முதல் ஆண்டுதோறும் வீட்டுப் பட நாள் என்று ஒன்று நடத்தி, மக்கள் கொண்டுவரும் சுருள்களை நிபுணர்கள் சோதித்து, பொதுவில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் ஊர்களிலும் அது வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு கல்யாண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அவருடைய சேகரிப்புதான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகம் ஆயிற்று. அழைப்பிதழுக்குக் கிடைத்த அந்த மரியாதை கேசட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

இணையத்தில் போடுவதற்கு முன், படத்தில் உள்ளவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள். குளியல், அழுகை, சண்டை, நோய் ஆகியவற்றை வெளியிடாதீர்கள். ஆனால் மூலத்திலிருந்து அழிக்கவும் செய்யாதீர்கள்.

இப்போது எல்லோரும் செல்போனில் எடுக்கிறோமே. இனி இந்தக் கவலை தேவையா?

எண்ணிக்கை பெருகியிருக்கிறது, ஆயுள் குறைந்திருக்கிறது. போன் தொலைந்தால், மெமரி நிறைந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கினால், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை முக்கியமானவற்றைப் பிரித்து, தேதியும் ஊரும் ஆட்களின் பெயரும் கோப்பின் பெயரிலேயே வருமாறு எழுதி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். விசேஷம் இல்லாத நாளிலும் எடுங்கள்: அம்மா டிகாஷன் இறக்குவதை, தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவதை, அப்பா கடைக் கணக்கு எழுதுவதை. ஐந்து நிமிடம் போனை அசைக்காமல் ஓரிடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நீங்களும் அந்தப் படத்துக்குள் போய் உட்காருங்கள்.